உலராத துணி

“ஒரு பாலி பேக் எடு கண்ணு” என்றார் ஏட்டு சின்னான்.

பேக்கிங் மேசையில் அபிராமியின் முன்னால் பாலி பேக்குகள், பனியன் போடும் பிளாஸ்டிக் கவர்கள், கட்டுக்கட்டாக இருந்தன. பன்னிரண்டாவதைப் பாதியில் விட்டு வந்ததிலிருந்து, மடித்த பனியனை அதில் போட்டு வாயை ஒட்டுவதுதான் அவள் வேலை.

அவள் எடுக்கவில்லை.

ஏட்டு இடுக்கியால் பிடித்திருந்தது ஒரு பனியன் வேஸ்ட் துணி. வெள்ளை. நடுவில் சிவப்பு இன்னும் ஈரமாக இருந்தது.

காலையில் சூப்பர்வைசர் முருகேஷ் ஃபேப்ரிக் குடோனில் குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தார். துணி ரோல்களுக்கு நடுவே இது கிடைத்தது. குத்தும்போது கத்தரி வழுக்கி, குத்தியவரின் கையையும் கிழித்திருக்கும், காயத்தில் இதைச் சுற்றியிருப்பார்கள் என்று பெண் எஸ்.ஐ. சொன்னார்.

அபிராமியின் அண்ணன் மாரிச்செல்வம் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் குத்தினேன் என்று நின்றுவிட்டான். அவன் உள்ளங்கையிலும் வெட்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் ரத்தத்தை எடுத்து சீல் வைத்தாகிவிட்டது. அதோடு ஒப்பிட இந்தத் துணி லேபுக்குப் போக வேண்டும்.

எஸ்.ஐ. முதலாளி அறைக்குப் போகும்போது, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனார்.

“நிழல்ல நல்லா காயவெச்சு பேப்பர் கவர்ல போடுங்க. ஈரத்தோட பிளாஸ்டிக்ல போட்டா அழுகிடும். அப்புறம் யார் ரத்தம்னு யாராலயும் சொல்ல முடியாது.”

ஏட்டுக்குச் சாப்பாட்டு நேரம்.

“இந்தக் கவர்ல போட்டது சீமைக்கே போகுது. கோயமுத்தூர் லேபுக்குப் போகாதா?” என்று சிரித்தார்.

பக்கத்து மேசையில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து அபிராமியின் காதருகே குனிந்தாள்.

“எடுத்துக் குடுட்டி. அழுகிப் போகட்டும். எம்புள்ள வெளிய வந்துருவான்.”

அபிராமி கையுறை மாட்டிய கையால் பாலி பேக் கட்டுகளை வாரி அட்டைப்பெட்டிக்குள் போட்டு மூடினாள். மேலே டேப்பை இழுத்து ஒட்டினாள். பிறகு ஒரு பெரிய காக்கிப் பேப்பரை எடுத்து வந்து மேசையில் விரித்தாள். ஃபேனை அதன் பக்கம் திருப்பினாள்.

ஏட்டு அவளையே பார்த்தார்.

“அட சாமி! சொந்த அண்ணனை மாட்டிவிடறதுல இத்தன அக்கறையா?”

யாரோ சிரித்தார்கள். அம்மா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“பாவி மட்டை, அவன் தூக்குல தொங்கணுமாட்டி உனக்கு?”

நாலு பேர் முன்னால் அபிராமிக்கு என்றைக்கும் வாய் வந்ததில்லை. காலையிலிருந்து பலமுறை எஸ்.ஐ.யின் பக்கத்தில் போய் நின்றாள். ஒவ்வொரு முறையும் உதடு மட்டும்தான் அசைந்தது.

ஏட்டு முணுமுணுத்துக்கொண்டே துணியைப் பேப்பரில் விரித்தார்.

சிவப்பு ஓரங்களில் பழுப்பாகத் தொடங்கியது. அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். அபிராமி மேசையை விட்டு நகரவே இல்லை. நடுவில் இருந்த கடைசி ஈரமும் போன பிறகுதான் ஏட்டு அதை மடித்து, காகிதக் கவரில் வைத்து, அரக்கு உருக்கி முத்திரை குத்தினார்.

எஸ்.ஐ. வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஜீப் கிளம்பியது.

அம்மாவுக்கு ஒன்று தெரியாது.

குடோன் கதவை முருகேஷ் உள்பக்கமாகத் தாழிட்டபோது, உள்ளே இருந்தது அபிராமி.

அவளைத் தேடிக்கொண்டு அண்ணன் பின்பக்க ஷட்டர் வழியாக வந்தபோது முருகேஷ் அசையாமல் கிடந்தார். அவன் அவள் கையிலிருந்த கத்தரியைப் பிடுங்கினான். அவள் காயத்தில் சுற்றியிருந்த துணியை உருவி எறிந்தான். அந்தக் கையில் பேக்கிங் கையுறையை மாட்டிவிட்டு, போய் உன் இடத்தில் உட்கார் என்றான்.

அதற்குப் பிறகுதான் அவன் தன் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான்.