ஒண்ணாம் நம்பர்

ஆஸ்பத்திரி சர்வர் அறையில், முதல் துளையில் இருந்த டிஸ்க்குக்குத் தலைக்கனம் அதிகம். பேர் கேட்டால் "ஒண்ணாம் நம்பர்" என்று மட்டும்தான் சொல்லும்.

"ஆலையில உனக்குப் பொறிச்ச பேரு?" என்று கேட்டது பக்கத்து டிஸ்க்.

"அந்த நீட்டு நம்பரை எவன் ஞாபகம் வெச்சிருப்பான்? என் இடத்தைப் பாரு, போதும்."

ஒருநாள் தூசி தட்ட வந்தவர்கள் டிஸ்க்குகளை இடம் மாற்றிச் செருகிவிட்டார்கள். ஒண்ணாம் நம்பர் கடைசித் துளைக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் அறுவை சிகிச்சைக்கு ஒரு ஸ்கேன் படம் அவசரமாகத் தேவைப்பட்டது. அது ஒண்ணாம் நம்பரிடம்தான் இருந்தது. டிஸ்க்குகளைக் கூப்பிட்டுத் தகவல் வாங்கித் தரும் நெட்வொர்க் சுவிட்ச் இடத்தையெல்லாம் பார்க்கவில்லை. ஆலைப் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டது.

கடைசித் துளையிலிருந்து எரிச்சலாக ஒரு குரல் வந்தது: "எவன்டா அவன்? இவ்வளவு நேரமாக் கூப்பிடறாங்க, காது செவிடா?"