அப்ரோடைட்டியின் நிறம்

கிரேக்கத் தேவியர் வெள்ளை வெளேரென்று இருந்தார்கள் என்பது மனிதகுலம் சில நூற்றாண்டுகளாகச் செய்துவரும் மாபெரும் பிழை. அந்தச் சிலைகளுக்கு நம் கோபுரத்துப் பொம்மைகளைப் போலவே சிவப்பும் நீலமும் மஞ்சளும் பூசியிருந்தார்கள். முகத்துக்கும் கைகாலுக்கும்கூட நிறம் இருந்தது. பாதியை மழை கரைத்தது. மீதியைக் கண்டெடுத்தவர்கள் தேய்த்துக் கழுவினார்கள். எஞ்சிய வெறும் கல்லைப் பார்த்து, அழகென்றால் இதுவல்லவோ என்று ஐரோப்பா மூர்ச்சை போட்டு விழுந்தது.

இவ்வளவையும் நித்தியானந்தன், புலம்பெயர்ந்து வாழும் வெரிபீயில் ஒரு வீட்டுக் கராஜுக்குள் இருந்த போட்டோ ஸ்டூடியோவில், கதிரை நுனியில் இருந்தபடி சொல்லி முடித்தார். ரயிலில் வேலைக்குப் போய்வரும் நேரமெல்லாம் புத்தகம் படிப்பவர்.

கேட்டுக்கொண்டிருந்தவன் போட்டோக்காரன் கஜீவன். கேட்காமல் இருந்தவள் மனைவி சிவாஜினி. மகள் ராகவியின் காதில் இயர்போன்.

போன மாதம்தான் ராகவிக்குச் சாமத்தியவீடு. பிள்ளை பெரியவளானதற்குக் கேரம் டவுன்ஸ் கோயிலில் அர்ச்சனை, மண்டபத்தில் சடங்கு, சாப்பாடு. அதன்பிறகு, இப்போதைய வழக்கப்படி, ஒரு 'தீம்'. அலங்காரக்காரர் மூன்று கிரேக்கத் தேவியரைக் காட்டினார். அத்தீனா கலியாணமே கட்டாதவள், சரிவராது. ஹீரா கட்டியவள், ஆனால் புருஷன் சரியில்லை. மிஞ்சியவள் அப்ரோடைட்டி. பிளாஸ்டிக் தூண்களுக்கு நடுவே, ஒரு பெரிய சிப்பிக்குள், வெள்ளைக் கவுன் போட்டு ராகவியை நிறுத்தினார்கள்.

அந்தப் படம்தான் இப்போது கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. ஆல்பத்தின் அட்டைக்கு.

"தம்பி, கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டுங்கோ," என்றாள் சிவாஜினி.

"வெளிச்சத்தை இல்லை, நிறத்தை. அதை நேராச் சொல்லும்," என்றார் நித்தியானந்தன்.

"சரி, நிறத்தை."

கஜீவன் ஒரு கோட்டின் மேலிருந்த புள்ளியை வலப்பக்கம் தள்ளினான். திரையில் ராகவி வெளுத்தாள்.

"காணாது. இன்னும்."

"நிப்பாட்டு தம்பி. என்ர பிள்ளையின்ர நிறத்தில என்ன குறை?"

"நான் குறை சொல்லேல்லை. ஆல்பத்தைப் பாக்கிற சனம் சொல்லும்."

"சொன்னா நான் விளங்கப்படுத்துறன்."

"ஓம், வீடு வீடாப் போய்ச் சிலைக்குப் பெயின்ற் அடிச்ச கதையைச் சொல்லிப்போட்டு வாங்கோ. தேத்தண்ணியாவது தருவினம்."

கஜீவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். நித்தியானந்தனுக்கு முகம் சிவந்தது.

"உம்மைப் போல தாய்மாராலதான் பொம்பிளைப் பிள்ளையள் கண்ணாடி பாக்கவே பயப்பிடுதுகள். பதின்மூன்று வயசுப் பிள்ளைக்கு முன்னால கதைக்கிற கதையோ இது? வெக்கமா இல்லையோ உமக்கு?"

சிவாஜினி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அங்கிள் சொல்றதும் சரிதான் அன்ரி," என்றான் கஜீவன். "இப்ப எல்லாரும் நச்சுரலா விடச் சொல்லித்தான் கேக்கினம்."

அப்படி ஒருவரும் கேட்பதில்லை. ஆனாலும் புள்ளியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான்.

நித்தியானந்தன் மகளின் பக்கம் திரும்பினார். "ராகவி, நீ சொல்லம்மா. எது வடிவு?"

ராகவி ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். திரையைப் பார்த்தாள். மாநிறத்துக்கும் ஒரு படி கூடிய கறுப்பு. எடுப்பான பல்வரிசை.

"திஸ் ஒன். இதுதான் நான் மாதிரி இருக்கு," என்றாள். கொஞ்சம் சிரித்தாள்கூட.

"கேட்டீரோ?" என்றார் நித்தியானந்தன்.

சிவாஜினி கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். "எனக்குச் சம்மதம் சொன்னது எந்தப் படத்தைப் பாத்து எண்டு ஞாபகம் இருக்கோ?"

"ஏன் இல்லாமல்? மஞ்சள் சீலை. கையில ஒரு ரோசாப்பூ."

"அதுக்கு முதல் மாதம் வந்த படம்?"

"அப்ப எத்தினையோ வந்தது."

"கொக்குவில் பிள்ளை. நீலத் தாவணி. 'படிச்ச பிள்ளைதான், நிறம் காணாது' எண்டு உங்கட அக்காவிட்டச் சொல்லிவிட்டனீங்கள்."

நித்தியானந்தனுக்கு ஞாபகம் வந்தது. கஜீவனை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அது இளந்தாரி வயசு. ஒண்டும் வாசிச்சறியாத காலம். அக்காவுக்கு என்ன, எல்லாத்தையும் உம்மட்டச் சொல்லிவைச்சிருக்கிறா. இப்ப அந்தப் பிள்ளை எங்கயாவது நல்லா இருக்கும். விடுமன்."

"அந்தப் பிள்ளையைத் தகப்பன் யாழ்ப்பாணத்தில ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். மஞ்சள் சீலையைக் கட்டி, கையில ரோசாப்பூவைக் குடுத்து, படத்தில முகத்தை வெளுப்பாக்கி, வேற புரோக்கரிட்டக் குடுத்துவிட்டவர். நீங்கள் ரெண்டு தரமும் பேரை வாசிக்கேல்லை."

வாரை விட்டாள்.

"அதுவும் நான்தான்."

நித்தியானந்தன் மகளைப் பார்த்தார்.

ராகவியின் இயர்போன் இரண்டும் மடியில் கிடந்தன. எப்போது கழற்றினாள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

"அண்ணா, கேன் ஐ?" என்றாள்.

கஜீவன் எழுந்து இடம் விட்டான். அவள் மௌஸைப் பிடித்து, புள்ளியைக் கோட்டின் வலது முனை வரை கொண்டுபோனாள். திரையில் இருந்தவள் கழுவிய கல்லைப் போல வெளுத்தாள்.

ஆல்பம் அந்த அட்டையோடுதான் அச்சுக்குப் போயிற்று.