ஒரே ஒரு காலி இடம்

"நாலு வேலையா?"

நேர்முகத் தேர்வு நடத்த உட்கார்ந்திருந்த அதிகாரி அதைக் கேட்ட விதம், நாலு புருஷனா என்று கேட்பதுபோல் இருந்தது. அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, "ஆமா சார்" என்றாள்.

"ஒரே நேரத்துலயா?"

"ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு சார். விடியக்காலையில ரொட்டிக் கம்பெனியில பாக்கெட் போடுறேன். அப்புறம் ரெண்டு வீட்டு நாயை நடக்கக் கூட்டிட்டுப் போவேன். மத்தியானம் சலவைக் கடையில துணி பிரிச்சு அடுக்குறது, சாயங்காலம் பசங்களுக்கு டியூஷன்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்னு சொல்வாங்க."

"ஒரு மரம் கிடைச்சாப் போதும், வெட்டிடுவான் சார்" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் நேற்று முளைத்தவள் அல்ல. ஒரு பெரிய நிறுவனத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் பல வருஷம் இருந்தவள். பொருளாதார மந்தம் வந்ததும், அவள் கையால் எடுத்த ஆட்களையெல்லாம் அவள் கையாலேயே அனுப்ப வைத்தார்கள். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு நீயும் போ என்றார்கள்.

கணவனுக்கும் வேலை போயிருந்தது. ஆனால் அவனுக்கு உடனே வேறு பொறுப்பு கிடைத்துவிட்டது. டிவி முன்னால் உட்கார்ந்து உலகப் பொருளாதாரத்தைச் சரிசெய்வது. "கொஞ்சம் பொறு, எல்லாம் நிமிந்துடும் பாரு" என்பான், சோபாவிலிருந்து தான் மட்டும் நிமிராமல்.

நாய் படும் பாடு என்று யாரோ தெரியாமல் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவள் கூட்டிப்போகும் நாய்கள் எந்தப் பாடும் பட்டதில்லை. இன்று அவற்றை அரைகுறையாக நடத்தி ஒப்படைத்துவிட்டு, சலவைக் கடையில் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, பஸ்ஸில் தலை வாரிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள்.

விளம்பரத்தில் இருந்தது, ஆள் எடுக்கும் பிரிவில் ஒரே ஒரு காலி இடம். அதற்கு வந்த கூட்டம் மாடிப்படி இறங்கித் தெருவில் வளைந்து நின்றது. அதில் பாதிப் பேர் அவளுக்கு மேலே படித்தவர்கள்.

"அந்த ரொட்டிக் கம்பெனி..." என்று இழுத்தார் அதிகாரி. "அங்க நின்னுக்கிட்டேதான் வேலையா?"

"ஆமா சார். உக்கார்றவங்க சூப்பர்வைசர் மட்டும்தான்."

"மூட்டை கீட்டை தூக்கச் சொல்வாங்களா?"

"ஆம்பளைங்களைச் சொல்வாங்க."

அவர் முகம் சுண்டியது. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். "சேர்க்கும்போது வயசு பாப்பாங்களா? அம்பதைத் தாண்டினவங்க யாராவது இருக்காங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. நாற்பதைத் தொடாதவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! காதோரம் எட்டிப் பார்த்த நரைமுடியை விரலால் உள்ளே தள்ளினாள்.

"இருக்காங்க சார். யாரு வயசையும் யாரும் கேக்குறதில்ல."

"நல்லது, நல்லது. சம்பளம் வாரா வாரம் கையில குடுத்துடுவாங்களா?"

"குடுத்துடுவாங்க."

"அப்புறம் அந்த நாய்ங்க... கடிக்குமா?"

"ஆளைப் பாத்து சார்."

அவர் சிரிக்கவில்லை. யோசனையோடு தலையாட்டிக்கொண்டார். அவளுடைய சான்றிதழ்கள் மேஜைமேல் பிரிக்கப்படாமலே கிடந்தன. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதோடு நில்லாமல், அந்த வேல் என்ன விலை என்றும் விசாரிக்கிறாரே இந்த மனுஷர்!

அவள் எழுந்துவிட்டாள்.

"சார், நான் ரொட்டிக் கம்பெனிக்கு வேலை கேட்டு வரலை. அங்கதான் ஏற்கெனவே இருக்கேனே! ஆள் எடுக்குறதைப் பத்தி ஒரு கேள்வி கேட்டீங்களா? எத்தனை பேரைப் பாத்திருக்கேன் தெரியுமா? எதிர்ல உக்காந்திருக்கிறவருக்கு வேலை எவ்வளவு அவசரம்னு மூஞ்சியைப் பாத்தே சொல்லிடுவேன். ஏதோ நாலு வேலை செஞ்சு பொழைக்கிறவள்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சா?"

போச்சு, இந்த வேலையும் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. சான்றிதழ்களை அள்ளிக்கொண்டு திரும்பினாள்.

"உக்காருங்க" என்றார் அதிகாரி. "வேலை உங்களுக்குத்தான்."

அவள் உட்காரவில்லை. விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இவ்வளவு சூடா பேசுறவங்கதான் இந்த இடத்துல தாக்குப்பிடிக்க முடியும். திங்கக்கிழமை வந்துடுங்க. ஆனா ஒண்ணு, முன்னால இருந்தவருக்குக் குடுத்ததுல பாதிச் சம்பளம்தான். மேல அப்படித்தான் முடிவு பண்ணியிருக்காங்க."

"பரவாயில்ல சார்!" இனி நாய்க்கும் துணிக்கும் ரொட்டிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள். "முன்னால இருந்தவரு ஏன் சார் போயிட்டாரு?"

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தவர் தன் நாற்காலியில் உட்காரவில்லை. அவளுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னும் போகலை மேடம்... ரொட்டிக் கம்பெனியில உங்க இடத்துக்கு என்னைச் சேத்துக்குவாங்களா?"