இருபது மில்லி

“கை தவறிடுச்சும்மா. காலைல நீங்க கொடுத்தனுப்பின பால் கொட்டிடுச்சு.”

போனில் நர்ஸ் சொன்னதைக் கேட்டதும் அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள்.

“எவ்வளவு கொட்டுச்சு?”

“முழுசும்மா.”

முழுசும் என்றால் இருபது மில்லி. நாலு டீஸ்பூன். மற்றவர்களுக்கு அது ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை. அவளுக்கோ ஒரு நாள் பாடு.

ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்ட மகள், ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். தையல் போட்ட வயிற்றோடு இவள் வீட்டில் இருக்கிறாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கை கழுவி, பால் எடுக்கிற பம்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, குருவி சேர்க்கிற மாதிரிச் சேர்த்து, பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். காலையில் கணவன் அதை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் பிடிப்பான்.

முதல் வாரம் ஐந்து மில்லி வந்தது. அப்புறம் பத்து. நேற்றுத்தான் முதல் தடவையாக இருபதைத் தொட்டது. பாட்டிலில் இருந்த அந்தக் கோட்டைக் கணவன் ஏதோ தானே பரீட்சையில் பாஸான மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சொட்டுச் சொட்டாச் சேர்த்தது சிஸ்டர். ஒரு பாட்டிலைக்கூடவா ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது?”

“தப்புத்தாம்மா, மன்னிச்சிடுங்க. பாப்பாவுக்கு நேத்து வந்த பால் மிச்சம் இருக்கு. பசியில விடமாட்டோம். நீங்க மட்டும் மனசை விட்டுடாதீங்க.”

“நீங்க கொட்டுவீங்க, நான் மனசை விடக் கூடாதாக்கும்.”

போனை வைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். அன்று பம்பும் அவளோடு சேர்ந்து முரண்டு பிடித்தது.

சாயங்காலம் வந்த கணவனிடம் சொன்னாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதன். பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ரகம். அவனுக்கே கோபம் வந்துவிட்டது.

“நாளைக்கு ரெண்டு பேரும் போறோம். சும்மா விடக் கூடாது. புகார் எழுதிக் கொடுத்துட்டு வருவோம்.”

மறுநாள் வார்டு வாசலிலேயே அந்த நர்ஸ் எதிர்ப்பட்டாள். இவர்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

“நீ போய் எழுது. நான் பாப்பாவைப் பார்த்துட்டு வந்து கையெழுத்துப் போடறேன்” என்று கணவன் கண்ணாடி ஜன்னல் பக்கம் நகர்ந்தான். அந்த ஜன்னலைக் கண்டால் அவனுக்குக் கால் வேறு பக்கம் போகாது.

தலைமை நர்ஸ் அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“எழுதிக் கொடுத்தீங்கன்னா அவங்களை இந்த வார்டுல இருந்து எடுத்துடுவாங்கம்மா. பதினோரு வருஷமா இங்கேதான் இருக்காங்க. நல்லா யோசிச்சீங்களா?”

“யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கோம். எடுக்கட்டும். இன்னொரு தாய்க்கு இப்படி ஆகக் கூடாது.”

தலைமை நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். கூடவே ஒரு பெரிய நோட்டையும் திறந்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“பாட்டில் வந்த நேரத்தையும் எழுதணும். இது பால் நோட்டு. வர்ற பால், கொடுக்கிற பால், கொட்டுற பால் எல்லாத்துக்கும் இதுல கணக்கு உண்டு. பார்த்து எழுதிக்குங்க.”

நேற்றைய தேதியைத் தேடிப் பிடித்தாள். அவள் மகளின் படுக்கை எண்ணுக்கு நேராகக் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்தது:

‘இருபது மி.லி. பால் வெதுவெதுப்பாக வந்தது. குழந்தைக்குச் சில்லென்று இருக்குமே என்று அப்பா ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கொடுக்க முடியாது, கொட்டியாயிற்று. இனிமேல் பெட்டியைத் திறக்காமல் கொண்டுவரும்படி மட்டும் அவரிடம் சொன்னேன். கொட்டியதைச் சொல்லவில்லை. அம்மாவிடம் என் கை தவறிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஷிஃப்டில் யாரும் மாற்றிச் சொல்லிவிட வேண்டாம்.’

இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை, கண்ணில் அவ்வளவு தண்ணீர். நேற்று போனில் பேசிய பேச்சை நினைக்க வெட்கமாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். கணவன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, ஒன்றரைக் கிலோகூட இல்லாத மகளுக்கு அழகு காட்டிக்கொண்டிருந்தான். அவள் தூங்குகிறாள் என்பதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவனைப் பார்க்கப் பார்க்க இவளுக்குச் சிரிப்பு வந்தது, அதற்கு மேல் பாசம் வந்தது.

படிவத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். தலைமை நர்ஸ் நீட்டிய பேனாவைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார்.

“இன்னிக்கு முப்பது கிராம் ஏறியிருக்காளாம்” என்று சொல்லிக்கொண்டே கணவன் வந்தான். “எங்கே, எழுதிட்டியா? அந்த நோட்டுல என்ன போட்டிருக்கு?”

அவன் எட்டிப் பார்ப்பதற்குள் நோட்டை மூடினாள்.

“கை தவறிக் கொட்டிடுச்சுன்னுதாங்க போட்டிருக்கு. பாவம், விடுங்க.”