சிற்றம்பலத்தாரின் கணக்கு

சிற்றம்பலத்தார் காலமாகி நாற்பத்தொரு நாள். நேற்று மாலை 5.47க்கு அவர் கணினிக்குள் வந்து போயிருந்தார்.

அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் தயாளினி வருகைப் பதிவை மேலிருந்து கீழாக இன்னொரு தடவை வாசித்தாள். தான்தான் பிழையாகப் பார்க்கிறேனோ என்ற சந்தேகத்தில் திகதிகளைக் கொப்பியில் எழுதியும் பார்த்தாள். பிழையில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடந்த அன்றுகூட அவர் வந்திருந்தார். எப்போதும் ஆறு மணிக்குச் சற்று முன், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக.

“நேற்றுக் காலமை அவற்ற பாஸ்வேர்டைப் பூட்டினனான், அண்ணை. பின்னேரம் திரும்பவும் வந்திருக்கு.”

ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பின் செயலாளர் சதீஸ் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். வெளியே மூன்றாவது நாளாக மழை விடவில்லை.

“உமக்குப் பூட்டத் தெரியுமோ, இல்லாட்டி பின்னேரக் கொம்பியூட்டர் வகுப்பில தேத்தண்ணி குடிச்சிட்டு வாறனீரோ?”

“தேத்தண்ணியும் குடிக்கிறனாங்கள்,” என்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கணினிக்கு ஒரே வேலைதான். குளத்துக்கட்டில் உள்ள கருவியிலிருந்து தண்ணீரின் அளவு வரும். ஆறு மணிக்கு அது வாய்க்காலோரத்து இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். படுப்பதா, பிள்ளைகளோடு மேட்டுக்குப் போவதா என்று அதைப் பார்த்துத்தான் அவர்கள் முடிவெடுப்பார்கள்.

கணினியில் எதையும் மாற்றக்கூடிய நிர்வாகிக் கணக்குகள் இரண்டு. ஒன்று தயாளினியுடையது. மற்றது குளக்காவலராக இருந்த சிற்றம்பலத்தாருடையது.

“ஆரோ அந்த மனிசன்ர பேரில வந்து விளையாடுறான்,” என்றார் சதீஸ். “ஒரு நாளைக்குப் பொய் அளவு போனாக் காணும். சனம் நித்திரையோட தண்ணிக்குள்ள போயிடும்.”

“கருவியிலையும் கை வைச்சிருப்பாங்களோ?”

“கருவிக்கு ஒண்டும் நடவாது. ஐப்பசியில இடி விழேக்க, கருவி போச்சுது எண்டு சிற்றம்பலத்தார் வந்து சொன்னவர். நான் ஆள் பிடிக்க முதலே, மூண்டாம் நாள் தானா எழும்பின சாமான் அது.”

மணி 5.38. தயாளினி வகுப்புக் கொப்பியைத் திரும்பப் புரட்டினாள். கடவுச்சொல்லைப் பூட்டினால் ஒரு வழிதான் அடைபடும். முன்பே சாவிக் கோப்புக் கொடுத்த கணினியிலிருந்து வந்தால், கடவுச்சொல் கேட்காமலே கதவு திறக்கும். அப்படி வருபவரையும் நிறுத்துவதென்றால், அவருக்குக் கட்டளைத் திரையைத் திறந்துகொடுக்கும் ஷெல் என்ற நிரலை ‘நோலொகின்’, அதாவது ‘உள்நுழைவு இல்லை’, என்று மாற்ற வேண்டும். பிறகு சாவி சரியாக இருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்.

“அண்ணை, வாற ஆள் உள்ளுக்கு என்ன செய்யுது எண்டு இண்டைக்கு ஒருக்காப் பாப்பமோ? பிறகு பூட்டலாம்.”

“கள்ளனை வீட்டுக்குள்ள விட்டிட்டு, எதை எடுக்கிறான் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறதோ? பூட்டும்.”

அவள் கட்டளையைத் தட்டினாள். தன் பெயரை மாறிப் போட்டுவிட்டேனோ என்று பயந்து, எழுத்தெழுத்தாக வாசித்த பிறகே அனுப்பினாள்.

5.46க்குப் பதிவில் ஒரு வரி விழுந்தது. சிற்றம்பலத்தார் வந்தார், திருப்பி அனுப்பப்பட்டார்.

உடனே இன்னொரு வரி. பிறகு இன்னொன்று. ஒன்பது தடவை வந்தார். பத்தாவது தடவையும் வந்தார்.

“விடமாட்டான் போலகிடக்கு,” என்று சதீஸ் சிரித்தார். தயாளினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கள்ளன் என்றால் இப்படி அவசரப்படுவானா என்று நினைத்தாள்.

ஆறு மணிக்குக் குறுஞ்செய்தி போனது. ‘குளம் 28 அடி. பயப்படத் தேவையில்லை.’ இருநூற்றுப் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்ததாகத் திரை காட்டியது.

அவள் கொப்பியைப் பார்த்தாள். நேற்றைய அளவும் 28. இவ்வளவு மழைக்கு ஒரு அங்குலம்கூட ஏறவில்லையா?

அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. மழை இரைச்சலுக்குள் ஒரு பெண்குரல்.

“பிள்ளை, நான் வீரம்மா. சிற்றம்பலத்தாற்ற மனிசி. குளத்துக்கட்டுக் காவல் கொட்டிலில இருந்து கதைக்கிறன். அவற்ற கொம்பியூட்டர் இண்டைக்கு என்னை உள்ளுக்கு விடுகுதில்லை.”

தயாளினி சதீஸுக்கும் கேட்கும்படி கைபேசியை ஒலிபெருக்கிக்கு மாற்றினாள். “அம்மா, நீங்களோ வாறனீங்கள்? ஏன்?”

“அளவு போடத்தான். கருவி இடியோட போச்சுதெல்லே. அண்டையிலயிருந்து அவர்தான் தண்ணிக்குள்ள நிக்கிற அளவுக் கம்பத்தைப் பாத்துப் பாத்துப் போட்டவர். அவர் போன பிறகு நான் போடுறன். சதீஸ் தம்பிக்குத் தெரியும்தானே.”

சதீஸ் எழும்பி நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அம்மா, இப்ப கம்பத்தில எத்தினை அடி?”

“கம்பம் தெரியேல்லை, பிள்ளை. தண்ணிதான் தெரியுது.”