எரிக்க மறுத்தவள்

"எரிச்சு விடும்மா. ஒரு வெயினுக்கு எவ்வளவு நேரம் தாலாட்டு பாடுவே?"

பெரிய டாக்டர் பொறுமை இழந்துவிட்டார். ஆபரேஷன் மேஜையில் கிடந்த பெண்ணின் தலைக்கு மேல், மைக்ராஸ்கோப்பில் கண் பதித்திருந்த சின்ன டாக்டர் நிமிரவில்லை.

காது நரம்பில் கட்டி. அதன் முதுகில் நூல் கனத்துக்கு ஒரு ரத்தக்குழாய் ஒட்டிக் கிடந்தது. அதைச் சுட்டு அறுத்தால் வேலை சட்டென்று முடியும். பலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு மூளை வீங்கிவிடும்.

"மாட்டேன் சார்."

"இத்தனை வருஷமா எரிச்சுட்டுத்தான் வர்றேன். யாராவது வந்து குறை சொன்னாங்களா?"

"குறை சொல்லணும்னா எழுந்து வரணுமே சார்."

முகக்கவசத்துக்குள் நர்ஸ் சிரிப்பை விழுங்கினாள்.

சின்ன டாக்டர் ஈரப் பஞ்சை வைத்துக் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். பிரிய மறுத்த இடத்தில், அரிசி அளவு கட்டியை ரத்தக்குழாயோடு விட்டுவிட்டு மூடினாள்.

மறுநாள் மீட்டிங்கில் பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"மிச்சம் வெச்சுட்டு வர்றதுக்குப் பேரு ஆபரேஷனா?"

"அந்தம்மா எழுந்து உட்கார்ந்து, முடியை ஏன் வெட்டினீங்கன்னு என்கூட சண்டை போடுறாங்க சார். எனக்கு அது போதும். மிச்சத்தை வருஷா வருஷம் ஸ்கேன்ல பார்த்துக்கலாம்."

"இப்படியே பண்ணினா தியேட்டர் பக்கமே வர முடியாது."

"வந்தா இப்படித்தான் பண்ணுவேன்."

சொன்ன பிறகுதான் வேலை ஞாபகம் வந்தது. பாடுபட்டுப் பிடித்த இடம். ஆனாலும் சொன்னதை வாபஸ் வாங்க மனம் வரவில்லை.

சாயங்காலம் பெரியவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவையும் சாத்தினார். சீட்டு கிழிந்தது என்றே நினைத்தாள்.

அவர் ஒரு ஸ்கேனை நீட்டினார். இடது காது நரம்பில் கட்டி. மேலே அதே மாதிரி ஒரு ரத்தக்குழாய்.

"இதை நீதான் பண்றே."

"எரிக்க மாட்டேன் சார். மிச்சம் வெச்சாலும் வெப்பேன்."

"வை. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். அந்த வெயினுக்கு மட்டும் ஒண்ணும் ஆகக் கூடாது."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரார் தலைக்கு ஒரு நியாயம், இவருக்கு வேண்டியவர் தலைக்கு ஒரு நியாயமா?

ஸ்கேனை ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க, அவருக்கு இடப்பக்கம் போய் நின்று கேட்டாள்.

"பேஷன்ட் யாரு சார்?"

பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டாள். அவள் ஏதோ பேசுகிறாள் என்பதை அப்போதுதான் கவனித்து, அவர் வலது காதை அவள் பக்கம் திருப்பினார்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லும்மா. அந்தக் காது கேட்டு ரொம்ப நாளாச்சு."