வீட்டுக்கு ஒருவர்

“அன்பான மக்களே, நாம் களைத்துவிட்டோம் என்று எதிரி நினைக்கிறான்” என்றாள் அவள்.

கேட்பதற்கு அந்த அறையில் யாருமில்லை. கால் உடைந்த நாற்காலிகள், கட்டுக்கட்டாகப் பழைய சுவரொட்டிகள், விமானத்துக்குப் பயந்து கறுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னல். அவ்வளவுதான்.

ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம், கட்சி அலுவலகக் கூடத்தின் ஒலிபெருக்கியில், அதே வாக்கியம் அப்பாவின் கனத்த குரலில் முழங்கியது. கூட்டம் கைதட்டியது.

தலைவருக்குப் பார்வை போய்விட்டது என்பது வீட்டைத் தாண்டாத ரகசியம். அவர் காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு கருவி, பக்கத்து அறையில் மைக்கோடு மகள். கையில் காகிதமே இல்லாமல் பேசுகிறாரே என்று நாடே அவரை மெச்சிக்கொண்டிருந்தது.

போர் தொடங்கியபோது பள்ளிச் சீருடையோடு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள். இப்போது வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட மேடைப்பேச்சு மாதிரியே வருகிறது.

காதில் விழுவதை அப்பா யோசிப்பதே இல்லை. போன மாதம் இரங்கல் கூட்டத்தில் “மூக்கத் தொடைங்க” என்று அவள் மெல்லச் சொல்ல, அவரும் “மூக்கத் தொடைங்க” என்று முழங்கிவிட்டார். முன்வரிசை மொத்தமும் கைக்குட்டையை எடுத்தது. அழுதவர்களைத் தலைவர் உரிமையோடு தேற்றினார் என்று மறுநாள் பத்திரிகையில் தலையங்கமே வந்தது.

இன்று அவள் சொல்லிக்கொடுக்க வேண்டியது கட்டாயப் படைச் சேர்ப்பு அறிவிப்பு.

காலையில் சமையல்காரம்மா டீயை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். “எனக்கு இருந்தது ஒரே பையன். அனுப்பிட்டேன். அவன் சட்டைதான் திரும்பி வந்துது. உங்க வீட்ல யாரு போறாங்க பாப்பா?”

நாட்டுக்கே பதில் சொல்கிறவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. “அண்ணனப் பத்தி எவனாவது கேட்டா முதுகுவலின்னு சொல்ல வெச்சுடு. டாக்டர்கிட்ட பேசியாச்சு.”

அந்த முதுகுவலிக்காரன் நேற்று இந்த மாடி அறைக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான். “இந்த மைக்க எப்படி அமுக்கணும்? காட்டேன்.”

“உனக்கெதுக்கு? போரடிக்குதாண்ணா?”

“ரொம்ப.”

காட்டினாள். ஒரே தடவையில் கற்றுக்கொண்டான்.

அப்பா ஒருவர்தான் இன்று கிளம்பும்போது அவள் தலையைத் தடவிக் கண்டுபிடித்து, “இன்னிக்கு உனக்குப் பதினெட்டு இல்ல?” என்றார். பிறந்தநாளை அவர் நினைவில் வைத்திருந்தது இதுதான் முதல் தடவை. சமையல்காரம்மா கேட்ட கேள்விக்கு அவரை இன்று மேடையிலேயே பதில் சொல்ல வைப்பது என்று முடிவு செய்திருந்தவளுக்கு, அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் தலைமேல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

“மகனோ, மகளோ, பதினெட்டு முடிந்தவர்களில் வீட்டுக்கு ஒருவர்” என்றாள் மைக்கில்.

சுவருக்கு அப்பால் அது முழங்கியது. இந்த முறை கைதட்டல் இல்லை.

கூடத்தின் கடைசியிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. “உங்க வீட்லேருந்து யாரு, தலைவரே?”

யாரோ அந்தப் பெண்ணை அதட்டினார்கள். அவள் அடங்கவில்லை. “அதையும் சொல்லிட்டுப் போங்க.”

மகள் மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள். அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அண்ணன்தான். விழுந்துவிடுவாள் என்று தெரு முழுக்கக் கூடவே ஓடி வந்தவன். சமையல்காரம்மாவின் பையனும் அன்று கூட ஓடி வந்தான்.

கையை எடுத்தாள்.

“என் மகனுக்கு முதுகில் ஒரு கோளாறும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து அவன் போகிறான்.”

சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை.

கருவி கெட்டுவிட்டதோ என்று பார்த்தாள். சிவப்பு விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. வார்த்தை வார்த்தையாக, நிதானமாக, இன்னொரு தடவை சொன்னாள். அப்பா வாயைத் திறக்கவில்லை.

பின்னால் கதவு திறந்தது. அண்ணன். அவள் முகத்தைப் பார்க்காமல், மைக்குக்காகக் கையை நீட்டினான்.

அப்போதுதான் ஒலிபெருக்கி கனைத்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாகவே, அப்பா பேசினார்.

“எங்கள் வீட்டிலிருந்து என் மகள் போகிறாள். இன்றைக்குத்தான் அவளுக்குப் பதினெட்டு.”